எலுமிச்சை முள்ளால் எடுத்த ரத்தம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், ஐப்பசியில் ஒரு காலை, என் தங்கையின் மோதிர விரலை எலுமிச்சை முள்ளால் குத்தினேன். மூன்று சொட்டு ரத்தம் எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். நான் குத்தியதால்தான் அவள் போனாள் என்று அம்மா நினைக்கிறாளா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை, அம்மாவோடு ஒரே வீட்டில் நாற்பது வருடம் இருந்தும், கேட்காமலே இருந்தேன். ஊரில் எல்லோரிடமும் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடுகிற எனக்கு இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில், செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியின் வேலியை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், தங்கை, மூன்றே பேர். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ஆட்களின் விரலில் ஊசியைக் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்துத் தேய்த்து, காயவைத்து, சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எழுதுவது என் வேலை. பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்றாமவர், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்றார். வாசலைக் காட்டினேன். அதற்குமேல் அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை, தங்கைக்குப் பேசி முடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குப் பத்து பெரெண்டாம் என்ற ஊரில், விமானத் திடலில் ஸ்டோர் வேலை. தை மாதம் கல்யாணம்.

தங்கையிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் கல்யாணத்துக்கென்று சேர்த்த பதினோரு புடவைகள். தினம் சாயங்காலம் அவற்றை வெளியே எடுத்துப் பிரித்துப் போட்டு, மறுபடி மடித்து அடுக்குவாள். அறையில் கால் வைக்க இடம் இருக்காது. கடையா வைக்கப் போகிறாய் என்று நான் கத்துவேன். பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட விடமாட்டாயா என்பாள்.

தீபாவளி முடிந்த அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள். அம்மா பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்திருக்கா,” என்றாள்.

அதன்பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. வாசலில் வேப்பிலை. தங்கைக்குப் பாய் மேல் வேப்பிலை பரப்பிய படுக்கை. அடுப்பில் தாளிக்கக்கூடாது, எதையும் எண்ணெயில் பொரிக்கக்கூடாது. கஞ்சி, மோர், வெள்ளரிக்காய், இளநீர், அவ்வளவுதான். இரும்பு அவள் உடம்பில் படக்கூடாது. தலையில் செருகியிருந்த கொண்டை ஊசியைக்கூட அம்மா உருவிவிட்டாள். லேபில் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே, ஆஸ்பத்திரிக்காரன் வந்து பிள்ளையைத் தொற்றுநோய்க் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவான் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். காலையிலிருந்து மாலை வரை அறிவியல் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் காலைக் கழுவி வேப்பிலையைத் தாண்டினேன். இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தன. அதை நினைத்தால் இப்போது எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. கண் எரிந்தது. எதற்கு இவ்வளவு புகை என்று கேட்டேன்.

“ஏன், ஆத்தாவுக்குப் போடக்கூடாதா? ஒனக்குக் கணக்குச் சொல்லிட்டுத்தான் போடணுமா?” என்று அம்மா எரிந்து விழுந்தாள். வழக்கமாக எரிந்து விழுவது நான்தான். அம்மா பயந்திருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் வேலிக்கு அந்தப் பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாள் வந்தார். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டிக்கொண்டு, எங்கள் அம்மனையே கும்பிட்டு, வீட்டில் மலாய் பேசும் குடும்பம் அவர்களுடையது. நாங்கள் அவரை மலாய் வழக்கப்படி மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். அம்மை கண்ட வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் ஜன்னல் ஓரம் நின்று, பாவாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லித் தங்கையின் காலைப் பார்த்தார். பிறகு கையை உள்ளே நீட்டி, ஒரு புள்ளியின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். புள்ளி அப்படியே இருந்தது.

“இனி தா திம்புல்,” என்றார். இது மேலே எழும்பவில்லை என்று அர்த்தம். “புக்கான் அம்மை.” இது அம்மை இல்லை.

அம்மா அவரை முறைத்தாள். ஆத்தா எப்படி வரவேண்டும் என்று இவர் சொல்வதா என்று பின்னால் முணுமுணுத்தாள். அம்மைக் கொப்புளம் எழும்பும், நீர் கோத்துக்கொள்ளும். நான்கு நாளாக இந்தப் புள்ளிகள் தோலுக்கு அடியிலேயே தட்டையாகக் கிடந்தன. ஈறில் வேறு ரத்தம் கசிந்தது. தினம் ரத்தத்தையே பார்க்கிறவள் நான், ஜன்னலுக்கு வெளியே நின்ற மக்சிக் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மா புது வேப்பிலை ஒடிக்கப் போயிருந்தாள். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் ரத்தத்தை ஒரு தடவை பார்க்கணும் போலிருக்கு, ஆனால் ஊசி வைக்கக்கூடாதே என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“ஊசிதான கூடாது. பின்னாடி எலுமிச்ச மரம் இருக்குல்ல. முள்ளு இரும்பா? குத்து,” என்றாள்.

முள்ளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் குத்தினேன். மூன்று ஸ்லைடுகள் இழுத்தேன். பெயர் எழுதாமல் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு, கைக்குட்டையில் சுற்றி லேபுக்கு எடுத்துப் போனேன். விரலில் ரத்தம் நிற்கவில்லை. துணி சுற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதல் ஸ்லைடை மத்தியானம், லேபில் ஆள் இல்லாத நேரத்தில் வைத்துப் பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று தெரியவில்லை. சாதாரண வெள்ளை அணுவுக்குள் உட்கரு சின்னதாக, மடிப்பு மடிப்பாக, கருநீலமாக இறுகிக் கிடக்கும். இங்கே பெரிய பெரிய அணுக்கள். ஒவ்வொன்றிலும் உருண்டையான ஓர் உட்கரு இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் வெளிறிப் போய், சலித்த மாவு தூவியதுபோல நைசாக இருந்தது. நடுவில் ஒன்றிரண்டு வெளிர் வட்டங்கள் வேறு. சாயம் பிடிக்கவில்லை, என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். முந்தைய மாதம் ஒரு முறை சாயத்தைக் கெடுத்துத் திட்டு வாங்கியிருந்தேன்.

இரண்டாவது ஸ்லைடுக்குச் சாயத்தை இரண்டு மடங்கு நேரம் விட்டேன். சிவப்பணுக்கள் ஒழுங்கான நிறத்தில் வந்தன. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உட்கருக்கள் அதே வெளிறல். சாயப் புட்டியைக் கழுவினேன், தண்ணீரை மாற்றினேன். அன்றைய பொழுது இப்படியே போயிற்று. மறுநாள் மூன்றாவது ஸ்லைடை, வார்டில் கால் ஒடிந்து கிடந்த ஒருவருடைய ஸ்லைடோடு ஒரே தட்டில் வைத்து, ஒரே புட்டியிலிருந்து சாயம் ஊற்றினேன். அவருடையது அழகாக வந்தது. என் தங்கையுடையது வரவில்லை.

லேபுக்குப் பெரியவர் போர்த்துகீசிய வம்சத்து மனிதர், மிஸ்டர் என்போம். அவர் மேசையில் ஸ்லைடைக் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். எந்த வார்டு என்று கேட்டார். வார்டு இல்லை, வீடு என்றேன். அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

“பாவா டியா சினி. ஹாரி இனி ஜுகா,” என்றார். அவளை இங்கே கூட்டிவா, இன்றைக்கே.

நான் வீட்டுக்கு ஓடினேன். தங்கை படுத்திருந்தாள். விரலில் சுற்றிய துணி சிவந்து ஊறியிருந்தது. முந்தைய நாள் கட்டிய துணியில்லை அது, இரண்டாவதோ மூன்றாவதோ. அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முள்ளால் குத்தியதைத் தங்கை சொல்லிவிட்டிருந்தாள்.

“ஆத்தா இருக்கிற வீட்டுலயா...” என்றாள் அம்மா. அம்மை இல்லையம்மா, ரத்தத்தில் கோளாறு என்று நான் என்னென்னவோ சொன்னேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஆத்தாவை வீட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்று அவள் சண்டை போடுவாள் என எதிர்பார்த்தேன். போடவில்லை. ஒரு வேப்பங்கொழுந்தைக் கிள்ளித் தங்கையின் தலையில் செருகினாள், திரிஷா சைக்கிள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் கடைகளில் சுதந்திரத்துக்கென்று ஆகஸ்டு மாதம் கட்டிய கொடித் தோரணங்கள் மழையில் சாயம் போய்த் தொங்கின.

ரத்தப் புற்று என்றார் டாக்டர். ரத்தம் ஏற்றினார்கள், ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். புள்ளிகள் மறைந்தன, காய்ச்சல் விட்டது. மூன்று வாரம் அவள் கட்டிலில் உட்கார்ந்து நர்ஸ் மிஸ்ஸிகளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஸ்டரிடம் போய், இவள்தான் நன்றாக இருக்கிறாளே என்றேன். அவர் மைக்ரோஸ்கோப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒருநாள் தங்கை கேட்டாள். “அக்கா, என் ரத்தத்துல அப்பிடி என்னாதான் பாத்த?”

மறைக்கத் தெரியவில்லை. “பிஞ்சுங்க நெறய இருக்கு. பெருகிக்கிட்டே இருக்கு, முத்த மாட்டேங்குது.”

“எல்லாம் ஒன்ன மாதிரி போலருக்கு. கல்யாணமே வேணாம்னு ஒக்காந்துருக்குதுங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். மார்கழியில் காய்ச்சல் திரும்ப வந்தது, புள்ளிகளும் வந்தன. இந்த முறை மாத்திரை கேட்கவில்லை. மார்கழி முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். ஒவ்வொரு மார்கழியிலும் தங்கையின் திதிக்கு வெறும் கஞ்சி, மோர், வெள்ளரிக்காய் வைத்துப் படைத்தாள். தாளித்தது, பொரித்தது எதுவும் இருக்காது. ஆத்தாவுக்கு இன்னும் கோபம் தணியவில்லை, நீதான் காரணம் என்று அந்த இலை என்னைப் பார்த்துச் சொல்வதுபோல இருக்கும். நான் அடுக்களையில் பாத்திரத்தை ணங் ணங்கென்று வைப்பேன்.

முள் குத்தி யாருக்கும் புற்று வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஏன் வந்தது என்று தெரியாதபோது, வராது என்பதை எவ்வளவு தூரம் நம்புவது? இரண்டு நாள் சாயத்தோடு மல்லுக்கட்டினேனே, அதனால் போனாளா? அக்காவை முந்திக்கொண்டு அவளுக்குக் கல்யாணம் என்று என் மனசின் மூலையில் ஓர் எரிச்சல் இருந்ததே, அதனாலா? இப்படியும் ஓடும் புத்தி.

லேபிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, பழைய ஆட்களை அழைத்து ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ரத்தநோய் டாக்டர் ஒருத்தி பேசினாள், தமிழ்ப் பிள்ளை, எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இருக்காது. கூட்டம் முடிந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தி, அந்த வெளிறிய உட்கருவைப் பற்றிக் கேட்டேன்.

“அது சாயக் கோளாறு இல்ல ஆண்டி. நீங்க பாத்தது குரோமாட்டின்,” என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் பிடிபட்ட அளவுக்குச் சொல்கிறேன். உடம்பின் எந்தச் செல்லை எடுத்தாலும் உள்ளே இருக்கும் மரபணு நூல் ஒன்றேதான். அந்த நூல் புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்குக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர். இறுகச் சுற்றிய இடத்து மரபணு வாயைத் திறக்காது. தளர்ந்து திறந்திருக்கும் இடத்து மரபணுதான் வேலை செய்யும். வெள்ளை அணு எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது பெருகுவதற்கான மரபணுக்கள் திறந்திருக்கும். வளர வளர அவை மூடிக்கொண்டு, முதிர்வதற்கானவை திறக்கவேண்டும். வளர்ந்து முடிந்ததும் நூலின் பெரும்பகுதி இறுகிக் கறுத்துவிடும். நான் தினம் பார்த்த கருநீல உட்கரு அதுதான்.

ரத்தப் புற்றில் எதைத் திறப்பது எதை மூடுவது என்ற ஒழுங்கு கெட்டுப்போகிறது. சிலருக்கு இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டு மாறி ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்து உருவாகும் புதுப் புரதம், முதிர்ச்சிக்கான மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த இடத்தை இறுக்கி மூடும் புரதங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறது. சிலருக்கு உடைசல் ஒன்றும் இருக்காது. நூலின் மேலும் உருண்டைகளின் மேலும் வைக்கப்படும் குறிகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். மூடவேண்டியது திறந்தே கிடக்கும், திறக்கவேண்டியது மூடிக்கொள்ளும். செல் பிஞ்சாகவே நின்று பெருகும்.

“அந்தக் குறிய யாரு மாத்தி வச்சது?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல ஆண்டி. அதுவா நடந்துருது. நெறய பேருக்கு ஏன்னு எங்களுக்கே தெரியாது.”

“வெளியிலேருந்து ஒரு முள்ளு கிள்ளு குத்துனா...”

“முள்ளா?” என்று அவள் விழித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். புரிந்ததா என்றால் பாதி புரிந்தது. புரிந்த பாதி என்னை இன்னும் குழப்பியது. யாரும் செய்யவில்லை என்றால் அந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டுக்கு வந்ததும், துணிந்து, தங்கையின் தகரப் பெட்டியை இழுத்து அம்மா முன்னால் வைத்துத் திறந்தேன். அம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. கண் மங்கினாலும் காது கூர்மை. புடவைகளை எடுத்தேன். அம்மா, இந்தப் பெட்டிதான் செல், இதுக்குள்ள எல்லாப் புடவையும் இருக்கு, எது மடிச்சு அடியில கெடக்கோ அதக் கட்ட முடியாது, எது விரிஞ்சு கெடக்கோ அதத்தான் கட்டலாம், தங்கச்சி ரத்தத்துல மடிக்க வேண்டியதெல்லாம் விரிஞ்சு கெடந்துச்சு, விரிக்க வேண்டியத எடுக்க முடியல, யாரும் எதுவும் பண்ணல, தானா அப்பிடி ஆயிருச்சு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நூற்புடவை ஒன்றை அம்மா மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். நான் முள்ளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“அப்ப சாப்பாட்டுனால வர்றதில்லயா அது?”

“எந்தச் சாப்பாடும்மா?”

அம்மா புடவையின் ஓரத்தை நீவினாள்.

“மூணாம் நாளு நீ வேலைக்குப் போனதுக்கப்புறம் கருவாடு வேணும்னு அழுதா. கஞ்சி எறங்கலன்னா. நானும் எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு துண்டு பொரிச்சுக் குடுத்தேன். ஆத்தா இருக்கிற வீட்டுல எண்ணெச் சட்டி வச்சேன்.”

எனக்குச் சாம்பிராணிப் புகை ஞாபகம் வந்தது.

“ரெண்டே நாளுல வெரல்ல ரத்தம் நிக்கல. அந்தத் துணியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, கருவாட்டுக்குத்தான் ஆத்தா கேக்குறான்னு. யாருகிட்டச் சொல்றது? ஒங்கிட்டச் சொன்னா நீ கத்துவ.”

“நான் முள்ளால குத்துனேனே, அதனாலன்னு நீ நெனைக்கலயா?”

“முள்ளு என்னா பண்ணும்? அது என்னா இரும்பா?” என்றாள் அம்மா.

நான் அழுதேன். அம்மாவைத் திட்டிக்கொண்டே அழுதேன். நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே என்று சொன்னேன், நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை வசதியாக மறந்துவிட்டு. அம்மா புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் மடித்தேன். குரோமாட்டின் அவளுக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கே இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

அந்த மார்கழியில் திதிக்கு நான் வழக்கம்போல வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, எண்ணெய்ச் சட்டியை எடு என்றாள். கருவாட்டை அவளே கழுவி வைத்திருந்தாள். இரண்டு துண்டுகளைப் போட்டேன். வீடு முழுக்க வாசனை அடித்தது. திருப்பிப் போட்டு எடுக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும். அவளுக்கு முறுகலாத்தான் புடிக்கும்,” என்றாள்.